‘பிறகு தாங்கோ’ என்று சொன்னால் போதுமா?

பலெர்மோவில் பிறந்தோ வளர்ந்தோ, இப்போது லண்டனிலோ மிலானிலோ பிள்ளைகளோடு இருக்கிற உங்களில் சிலருக்கு அங்கே இன்னும் ஒரு வீடு இருக்கும். பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில், அல்லது நோச்சே, ஸீசா பக்கம், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. அப்பாவும் அம்மாவும் எத்தனையோ வருஷம் மற்றவர்களின் வீடுகளைத் துடைத்துச் சேர்த்த காசில் வாங்கியது. இப்போது அவர்கள் உங்களோடு வந்துவிட்டார்கள். வீட்டில் இன்னொரு தமிழ்க் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மாதம் பிறந்தால் கணக்கில் காசு விழும். விழாத மாதத்தில் அப்பா ஃபோன் எடுத்து, "பரவாயில்லை தம்பி, வேலை கிடைச்சாப் பிறகு தாங்கோ" என்று சொல்லிவிடுவார்.

நல்ல மனம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இத்தாலியச் சட்டத்தின் முன் அந்த ஒரு வசனத்துக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. சில நேரம் அதுவே அந்தக் குடும்பத்தை வீட்டிலிருந்து வெளியேற்றுகிற வழியாகவும் ஆகிவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

பலெர்மோத் தமிழர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் சந்தா ரொசாலியாவைத்தான் எழுதுவார்கள். மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் ஏறி அந்தக் கன்னிப் புனிதையைக் கும்பிடுகிற சைவர்கள் என்றால் யாருக்கும் ஆச்சரியம்தான். அந்த மலையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிறவர்களின் வீடு யாருடையது, அதில் இன்னும் எத்தனை மாதம் இருக்க முடியும் என்ற கேள்வியை அவ்வளவாக எழுதுவதில்லை. 2015இல் அரபு-நோர்மன் கட்டடங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 2018இல் பலெர்மோ இத்தாலியின் கலாசாரத் தலைநகராக இருந்தது. பழைய நகரத்து வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது பெருகிவிட்டது. அதே பழைய நகரத்தில்தான் நம் ஆக்களும் முதலில் குடியேறினார்கள்.

பதிவேட்டில் ஒரு வரி

இத்தாலியில் ஒருவருக்கு வீடு என்பது கூரை மட்டும் இல்லை. கொமூனேயின் பதிவேட்டில் ‘இன்னார் இந்த முகவரியில் வசிக்கிறார்’ என்று ஒரு வரி ஏறவேண்டும். அதுதான் ரெசிதென்சா. அந்த வரியின் பெறுமதியைப் பலெர்மோவை விட நன்றாக அறிந்த நகரம் இல்லை. அப்போதைய உள்துறை அமைச்சர் மத்தேயோ சால்வீனி கொண்டுவந்த 132/2018 சட்டம், தஞ்சம் கோரி வந்தவர்கள் ரெசிதென்சா பதிவதைத் தடுத்தது. 2019 ஜனவரியில் மேயர் லியொலூக்கா ஓர்லாந்தோ, தன் நகரில் அதை நடைமுறைப்படுத்த வேண்டாம் என்று அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். நாடே இரண்டாகப் பிரிந்து வாக்குவாதப்பட்டது. 2020 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையை ரத்துச் செய்தது.

ஒரு மேயர் அரசாங்கத்தோடு மோதிய அதே வரியைத்தான், ஒப்பந்தத்தைப் பதியாமல் விடுகிற வீட்டுக்காரர் சத்தமில்லாமல் கைநழுவ விடுகிறார்.

ரெசிதென்சா இடையில் அறுந்தால் என்ன ஆகும்? ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவர் குடியுரிமை கேட்க 10 ஆண்டுகள் தொடர்ச்சியாகச் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். நடுவில் பதிவு நீக்கப்பட்டால் கணக்கு குழம்பிப்போகும். இத்தாலியிலேயே பிறந்த பிள்ளை 18 வயதான பிறகு ஓராண்டுக்குள் குடியுரிமை கேட்கலாம். அதற்கும் பிறந்ததிலிருந்து தொடர்ச்சியான வசிப்பு வேண்டும். பெற்றோரின் பதிவுக் குறைபாட்டுக்காகப் பிள்ளையைத் தண்டிக்கக்கூடாது, பள்ளிக்கூட, வைத்தியப் பதிவுகளையும் ஏற்கலாம் என்று 2013இல் ஒரு தளர்வு வந்தது. தளர்வு இருந்தாலும், பதினெட்டு வயதுப் பிள்ளை பழைய பள்ளிக்கூடங்களுக்கு அலைந்து காகிதம் பொறுக்கவேண்டும்.

இதோடு இசே இருக்கிறது. ஒரு குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் சேர்த்துப் போடும் அந்தக் கணக்கை வைத்துத்தான் பிள்ளைகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவின் அளவு, மின்சாரக் கட்டணச் சலுகை எல்லாம் தீர்மானமாகின்றன. வாடகைக்கு இருப்பவர் இசே கணக்கில் ஆண்டுக்கு 7,000 யூரோ வரை வாடகையைக் கழித்துக் காட்டலாம். ஆனால் பதிவான ஒப்பந்தத்தின் விபரம் தரவேண்டும். பதிவு இல்லையென்றால் அந்தக் குடும்பம் வாடகையே கொடுக்காதது போல, உள்ளதை விட வசதியானதாகக் காகிதத்தில் தெரியும்.

‘நம்ம ஆக்கள்தானே, எழுத்து எதுக்கு?’

இந்த வசனத்தைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இல்லை. சீட்டையே வாய்ச்சொல்லில் நடத்திய சமூகம் நாம். ஆனால் சீட்டில் ஏமாந்தால் காசு போகும். வாடகையில் எழுத்து இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் போகும்.

இத்தாலியில் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை 30 நாளுக்குள் அஜென்சியா தெல்லே எந்த்ராத்தேயில் பதியவேண்டியது வீட்டுக்காரரின் கடமை. பதியாத ஒப்பந்தம் செல்லாது. எழுத்தில் 300 போட்டுவிட்டுக் கையில் 450 வாங்குவதும் செல்லாது. மேலதிகமாகக் கொடுத்ததை, வீட்டைத் திருப்பிக் கொடுத்து ஆறு மாதத்துக்குள் குடியிருந்தவர் கேட்டு வாங்கலாம். குடியிருப்பவர் இலங்கையராக இருந்தால், வந்து 48 மணித்தியாலத்துக்குள் பொலிசுக்கு எழுத்தில் அறிவிப்பதும் வீட்டுக்காரரின் வேலை. ஒப்பந்தம் எழுதும்போது அவருடைய பெர்மெஸ்ஸோவின், அது புதுப்பிப்பில் இருந்தால் அந்தப் பற்றுச்சீட்டின், ஒரு பிரதியை வாங்கி வையுங்கள்.

வரிக்குப் பயந்துதான் பலர் பதிவதில்லை. இங்கேதான் பெரும்பாலானோர் கணக்குப் பார்ப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

1998 டிசம்பரில் வந்த 431ஆம் சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று 4+4 ஆண்டு ஒப்பந்தம். வாடகையை இருவரும் பேசித் தீர்மானிக்கலாம். மற்றது கானோனே கொங்கொர்தாத்தோ, 3+2 ஆண்டு. இதில் வாடகைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. வீட்டுக்காரர் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் அந்த நகரத்துக்குப் பேசி, பகுதிக்கும் வீட்டின் வசதிக்கும் ஏற்றபடி போட்ட வரம்பு அது. செதொலாரே செக்கா என்ற தனி வரித் திட்டத்தில் சேர்ந்தால் முதல் வகைக்கு வரி 21 சதவீதம். இரண்டாம் வகைக்கு, பலெர்மோ போன்ற வீட்டு நெருக்கடி நகரங்களில், 10 சதவீதம்.

உதாரணத்துக்கு மாதம் 500 யூரோ என்று வையுங்கள். ஆண்டுக்கு 6,000. 21 சதவீதம் 1,260 போனால் மிச்சம் 4,740. அதே வீட்டை கொங்கொர்தாத்தோவில் 450க்கு விட்டால் ஆண்டுக்கு 5,400. வரி 540. மிச்சம் 4,860. குடியிருப்பவர் ஆண்டுக்கு 600 யூரோ குறைவாகக் கட்டுகிறார். உங்களுக்கு 120 யூரோ கூடக் கிடைக்கிறது. இதற்கு மேல் இமு வரியில் கால் பங்கு குறையும். குடியிருப்பவரின் ஆண்டு வருமானம் 15,493.71 யூரோவுக்குள் இருந்தால் அவருக்கும் 495.80 யூரோ வரிக் கழிவு உண்டு. நீங்கள் வெளிநாட்டில் வசித்தாலும் செதொலாரே செக்காவில் சேரலாம். அந்த வருமானத்தை இருக்கிற நாட்டிலும் காட்டவேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

வரம்பு சரிதானா என்று பார்த்து, சங்கம் ஒன்று ஒரு சான்று தரவேண்டும். சான்று இல்லாவிட்டால் 10 சதவீதம் கிடைக்காது. குடியிருப்போர் பக்கத்தில் சுனியா, சிச்செத், உனியாத் என்று சங்கங்கள் உண்டு. (சுனியா என்றதும் சூனியத்தை நினைக்காதீர்கள், உதவி செய்கிற இடம்தான்.)

நாலு வருஷம் கட்டுப்படப் பயமாக இருக்கிறது, பென்ஷன் எடுத்துக்கொண்டு அம்மா திரும்பி வரலாம் என்கிறீர்களா? உண்மையான காரணத்தை எழுதி, 1 முதல் 18 மாதம் வரைக்கான தற்காலிக ஒப்பந்தம் போடலாம். அதையும் பதியலாம்.

வாடகை நின்ற முதல் மாதம்

இப்போது கஷ்டமான பகுதிக்கு வருவோம். ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார், மனைவி இரண்டு வீடுகளில் துப்புரவு வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள். கணவருக்கு முதுகு பிடித்து வேலை போகிறது. வாடகை 450. மார்ச் மாதம் கட்டவில்லை. "பிறகு தாங்கோ" என்கிறார் அப்பா. ஏப்ரல், மே, ஜூன் என்று போய்ச் செப்டெம்பரில் ஏழு மாத நிலுவை, 3,150 யூரோ. அந்தக் காசை அவர்களால் எப்படியும் கட்ட முடியாது. வெட்கத்தில் ஃபோன் எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அப்பாவுக்கும் கோபம் வருகிறது. தங்கச்சி சொல்கிறா, "அப்பா, உங்களை ஏமாத்தீனம், வழக்குப் போடுங்கோ."

யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்த ஏழு மாதத்தில் அவர்கள் ஒரு முக்கியமான சலுகையை இழந்துவிட்டார்கள். 1978 ஜூலையில் வந்த 392ஆம் சட்டம், வாடகை நிலுவை வழக்கில் முதல் விசாரணை நாளன்று நிலுவை, வட்டி, வழக்குச் செலவு எல்லாவற்றையும் கட்டினால் ஒப்பந்தம் தொடரும் என்கிறது. உடனே கட்ட முடியாதவருக்கு நீதிபதி 90 நாள் வரை தவணை கொடுக்கலாம். வேலை இழப்பு, நோய், நிரூபிக்கக்கூடிய கடும் கஷ்டம் காரணமானால் 120 நாள். ஆனால் அந்த 120 நாளுக்கு நிலுவை இரண்டு மாதத்துக்கு மேல் போயிருக்கக்கூடாது. அப்பாவின் ஏழு மாதப் பெருந்தன்மை அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

முதல் மாதத்திலேயே என்ன செய்திருக்கலாம்? வாடகைக் குறைப்பு. 450ஐ ஆறு மாதத்துக்கு 250 ஆக்குகிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, அஜென்சியா தெல்லே எந்த்ராத்தேக்கு ஆர்.எல்.ஐ. படிவத்தில் அறிவிக்கலாம். குறைப்பு மட்டும் என்றால் பதிவுக் கட்டணமும் முத்திரை வரியும் கிடையாது. 2014இலிருந்து இப்படித்தான். அந்த ஆறு மாதமும் நீங்கள் வரி கட்டுவது 250க்குத்தான். வாய்ச்சொல்லில் விட்டால், வாங்காத 450க்கும் வரி கேட்பார்கள். குடியிருப்பவர் 250ஐக் கட்டிக்கொண்டு வரும்வரை அவர் கடனாளி இல்லை. தலை நிமிர்ந்து ஃபோன் எடுப்பார்.

ஆறு மாதத்தில் உங்களுக்குப் போனது 1,200 யூரோ. சின்னத் தொகை இல்லை, தெரியும். ஆனால் வழக்கென்று போனால் அவ்வொக்காத்தோவுக்குக் கட்டவேண்டும்; வெளியேற்ற உத்தரவு வந்தாலும் வீட்டை விட நீதிபதி ஆறு மாதம் வரை, விசேட காரணமிருந்தால் பன்னிரண்டு மாதம் வரை நாள் குறிக்கலாம். அதுவரை வாடகை வருமா என்பதும் தெரியாது. கோவிட் காலத்தில் 2020 மார்ச்சிலிருந்து வீடுகளைக் காலி செய்விப்பதை அரசு நிறுத்தி வைத்தபோது, வாடகையைக் குறைத்த வீட்டுக்காரருக்குக் குறைத்ததில் பாதியை, ஒருவருக்கு 1,200 யூரோ வரை, திருப்பிக் கொடுத்தது. அந்த உதவி முடிந்துவிட்டது. குறைப்பை இலவசமாக எழுதும் வழி மட்டும் இன்றும் இருக்கிறது.

முற்பணத்தையும் யோசிக்கலாம். சட்டப்படி அது மூன்று மாத வாடகைக்கு மேல் இருக்கக்கூடாது. கையில் உள்ள முற்பணத்தில் ஒரு மாதத்தைக் கழித்து, பிறகு மாதம் 50 யூரோவாக நிரப்புவது என்று எழுதி வைத்தால் சிலருக்கு அந்த ஒரு மாதமே போதும். குடியிருப்பவர் தானாகக் கழிக்க முடியாது, இருவரும் ஒத்துக்கொள்ளவேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இடமே இல்லை. ஆத்திரத்தில் பூட்டை மாற்றுவது, தண்ணீரையோ கரண்டையோ வெட்டுவது. அப்படிச் செய்தால் நீதிமன்றத்தில் குற்றவாளியாக நிற்பவர் வீட்டுக்காரர்தான்.

தங்கி வேலை செய்கிறவர்கள்

இவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வயோதிபர்களைப் பராமரித்து அவர்கள் வீட்டிலேயே தங்கி வேலை செய்கிற அக்காமார், அன்ரிமார் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய ரெசிதென்சாவும் பெரும்பாலும் அந்த வீட்டிலேயே. அந்த நொன்னா காலமானால் ஒரே நாளில் வேலை, அறை, முகவரி மூன்றும் போகும். செத்தவீட்டுக்கு வந்த பிள்ளைகள் வீட்டை விற்கப் பார்ப்பார்கள். பத்து வருஷம் அந்த வீட்டு அடுப்படியில் நின்றவருக்கு இரண்டு பெட்டிதான் மிச்சம்.

உங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா இருந்தால், இப்படியானவருக்குத் தற்காலிக ஒப்பந்தத்தில் கொடுப்பது பெரிய உதவி. "சும்மா வந்து இருங்கோ" என்று கூப்பிடுவதும் அன்புதான், ஆனால் முகவரியையும் கொடுங்கள். வேலையில்லாக் காப்புறுதிக்கு வீட்டுப் பணியாளர்களும் விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்தை பத்ரொனாத்தோவில் நிரப்பித் தருவார்கள்.

பச்சை உறை வந்துவிட்டால்

எல்லாம் செய்தும் சரிவராமல் போகலாம். உங்களுக்கும் வீட்டுக் கடன் இருக்கும், பிள்ளையின் கட்டணம் இருக்கும். வழக்குப் போடுவதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். சில இடங்களில் அதுதான் உதவிக்கான வாசல் என்பதுதான் விசித்திரம்.

2013 ஆகஸ்டில் வந்த 102ஆம் அரசாணை, தன் தவறில்லாமல் வாடகை கட்ட முடியாமல் போனவர்களுக்காக ஒரு நிதியை உருவாக்கியது. வேலை போனது, வேலை நேரம் குறைந்தது, கடும் நோய், குடும்பத்தில் உழைப்பவர் இறந்தது போன்றவை காரணமாக இருக்கவேண்டும். மொத்தம் 12,000 யூரோ வரை கிடைக்கலாம். நிபந்தனைகளைப் பாருங்கள்: பதிவான ஒப்பந்தம், அந்த வீட்டில் ஓராண்டாவது ரெசிதென்சா, செல்லுபடியான பெர்மெஸ்ஸோ, வருமான வரம்பு. நிலுவைக்காக நீதிமன்ற அழைப்பும் வந்திருக்கவேண்டும். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் மிச்சமிருந்து, வெளியேற்றத்தைக் கைவிடுகிறேன் என்று வீட்டுக்காரர் சம்மதித்தால், நிலுவையை அடைக்க 8,000 யூரோ வரை தரலாம். நாள் தள்ளி வைக்கச் சம்மதித்தால், அந்த மாதங்களுக்காக 6,000 வரை. இரண்டிலும் வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் காசு வராது. எழுத்தில்லாமல் இருந்தவர்களுக்கு வரவே வராது.

இந்த நிதிக்கு எல்லா ஆண்டும் காசு ஒதுக்குவதில்லை. 2023க்கும் 2024க்கும் ஒதுக்கவில்லை. 2025 வரவு செலவுத் திட்டம் அந்த ஆண்டுக்கு 1 கோடி யூரோவும் 2026க்கு 2 கோடியும் முழு நாட்டுக்குமாக ஒதுக்கியது. ஆகவே கொமூனே எப்போது விண்ணப்பம் கோருகிறது என்று காஃபிலோ சங்கத்திலோ கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

வீட்டுக்காரருக்கும் இதில் ஒன்று உண்டு. 2020 ஜனவரி 1க்குப் பிறகு எழுதிய ஒப்பந்தமானால், கைக்கு வராத வாடகைக்கு வரி கட்டாமலிருக்க அந்த நீதிமன்ற அழைப்போ, பணம் கட்டும்படியான சட்ட அறிவித்தலோ ஆதாரமாகும்.

நீதிமன்றக் கடிதங்கள் பச்சை உறையில் வரும். நம் ஆக்களில் பலர் அதைக் கண்டதும் அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார்கள். அதுதான் மிகப் பெரிய பிழை. விசாரணைக்குப் போகாவிட்டால் நீதிபதி வெளியேற்றத்தை அன்றே உறுதி செய்துவிடலாம். போனால்தான் 90 நாளோ 120 நாளோ கேட்கலாம். வழக்குப் போட்ட நீங்களே ஒரு ஃபோன் எடுத்து, "தம்பி, பச்சைக் கடிதம் வரும், திறந்து பாருங்கோ, அந்தத் திகதிக்குக் கட்டாயம் போங்கோ, சுனியாவில ஒருக்கா கதையுங்கோ" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? எதிர்க்கட்சிக்காரருக்கு யார் இப்படிச் சொல்வார்கள் என்று கேட்கலாம். வாடகை திரும்பி வரவேண்டுமென்றால் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

இங்கிலாந்தில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 4 முதல், கடன் ஆலோசகர் மூலம் பதிந்தால் 60 நாள் மூச்சு விடும் காலம் கிடைக்கும். வாடகை நிலுவையும் அதற்குள் வரும். யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர் இரண்டு மாத வாடகை தவறினால், வாடகைப் பங்கை நேரே தனக்கு அனுப்பும்படி வீட்டுக்காரர் கேட்கலாம். குடியிருப்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் அது அவருக்கும் நிம்மதி.

பலெர்மோ வீட்டுக்குத் திரும்புவோம், அண்ணன் தங்கச்சி விஷயம் ஒன்று மிச்சம். அப்பாவுக்குப் பிறகு வீடு உங்கள் எல்லோர் பெயரிலும் வரும். வாடகை ஒப்பந்தம் அதோடு சேர்ந்தே வரும். அப்பா எழுதிக் கையெழுத்திட்ட வாடகைக் குறைப்பு உங்களையும் கட்டுப்படுத்தும். அவர் வாயால் சொன்னதோ நிரூபிக்க முடியாதது. கட்டாத வாடகையை ஐந்து ஆண்டு வரை திரும்பக் கேட்கலாம் என்பதால், கோபக்காரத் தங்கச்சி ஒருத்தி இருந்தாலே போதும், அப்பா மன்னித்த காசுக்கு அந்தக் குடும்பத்தின் மேல் வழக்கு வரும். அடுத்த முறை அப்பாவோடு வீடியோவில் கதைக்கும்போது, கொன்ராத்தோ எந்தப் பைலில் இருக்கிறது, கடைசியாக எப்போது பதிந்தது, இப்போது உண்மையில் எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர் சலித்துக்கொள்வார், "அதெல்லாம் அவங்களுக்கும் எனக்கும் தெரியும்" என்பார். தெரிந்ததை அந்த வாரமே இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.